சைக்கிளும் ஏற வேண்டும், ஏற்காடும் ஏற வேண்டும்

கேள்வி:

சேலம் அழகாபுரத்தில் வீடு. செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை. வயது 36. ஞாயிறு காலையில் ஏற்காடு மலைப்பாதையில் சைக்கிள் மிதிப்பது என் பழக்கம். ரோடு பைக் ஒன்றும், 29 அங்குலச் சக்கரம் உள்ள மவுண்டன் பைக் ஒன்றும் வைத்திருக்கிறேன். இருட்டில் லாரிகளுக்கு நடுவே அடிவாரம் வரை நான் மிதித்துப் போவது வீட்டில் யாருக்கும் பிடிக்கவில்லை. அதனால் ஒரு கார் வாங்கி, சைக்கிளை அதில் ஏற்றிக்கொண்டு போகலாம் என்றிருக்கிறேன். எப்போதாவது கொல்லிமலை, கல்வராயன் மலைப் பக்கமும் போவதுண்டு. வருடத்தில் ஓரிரு முறை குடும்பத்தோடும் சைக்கிளோடும் வெளியூர்ப் பயணம் இருக்கும். வீட்டில் மனைவி, ஐந்து வயது மகள், மூட்டுவலி உள்ள அம்மா. எல்லாச் செலவும் சேர்த்து 12 லட்சத்தைத் தாண்டக் கூடாது. ஓட்டுவதற்கும் சுவையான வண்டியாக இருக்க வேண்டும். வெறும் மூட்டை சுமக்கும் வண்டி வேண்டாம். மைத்துனர் மஹிந்திரா தார் ஜீப் வாங்கச் சொல்கிறார். மலைக்கு டீசல்தான் என்கிறார் மாமா. மனைவிக்கு ஆட்டோமேட்டிக் வேண்டும். கூரையில் கேரியர் போட்டுவிட்டால் எந்தக் காராக இருந்தால் என்ன என்று நண்பர்கள் கேட்கிறார்கள். 100 பி.எஸ். (குதிரைத்திறன்) போதுமா, 120 வேண்டுமா? நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

பதில்:

எஞ்சின் திறனைக் கேட்டிருக்கிறீர்கள். சைக்கிளின் நீளத்தைச் சொல்லவில்லை. உங்கள் விஷயத்தில் அதுதான் முதலில் தெரிய வேண்டும். எனவே ஷோரூமுக்குப் போவதற்கு முன் ஓர் அளவு நாடாவை எடுத்துக்கொண்டு சைக்கிள் பக்கத்தில் உட்காருங்கள்.

கார் நிறுவனங்கள் டிக்கியின் கொள்ளளவை லிட்டரில் சொல்கின்றன. மாருதி ஸ்விஃப்ட் 265, மாருதி ஃபிராங்க்ஸ் 308, ஹூண்டாய் ஐ20 311, ஸ்கோடா கைலாக் 446. இவை பின் இருக்கை நிமிர்ந்து நிற்கும்போது பையும் பெட்டியும் வைப்பதற்கான கணக்கு. அதிலும் சிலர் ஜன்னல் விளிம்பு வரை அளக்கிறார்கள், சிலர் கூரை வரை அளக்கிறார்கள். உங்கள் சைக்கிள் ஏறுமா என்பதற்கு இந்த எண்கள் பதில் சொல்லாது. இருக்கையை மடித்த பிறகு கிடைக்கும் தளத்தின் நீளம், டிக்கி வாயின் அகலமும் உயரமும், மடிந்த இருக்கைக்கும் டிக்கித் தரைக்கும் இடையில் நிற்கும் படி, இவைதான் பதில் சொல்லும். இவற்றை எந்த விளம்பரத் தாளிலும் பார்க்க முடியாது.

சாதாரண ரோடு பைக்கில் இரண்டு அச்சுகளுக்கும் இடையே ஏறத்தாழ ஒரு மீட்டர் இருக்கும். சக்கரங்களோடு சேர்த்து மொத்த நீளம் 165 முதல் 170 சென்டிமீட்டர். முன் சக்கரத்தைக் கழற்றிவிட்டால் ஏறத்தாழ 135 சென்டிமீட்டராகச் சுருங்கும். 29 அங்குல மவுண்டன் பைக் முன் சக்கரம் இல்லாமலே ஒன்றரை மீட்டர் கேட்கும். அதன் ஹேண்டில்பார் வேறு முக்கால் மீட்டர் அகலம். ரோடு பைக் ஏறிய காரில் மவுண்டன் பைக்கும் ஏறும் என்று நினைத்து ஏமாந்தவர்கள் நிறைய. பெரியதை அளந்து வாங்குங்கள்.

இரண்டு சக்கரங்களையும் கழற்றினால் எந்தச் சின்னக் காரிலும் சைக்கிளைத் திணித்துவிடலாம். ஆனால் அதை நம்பி வாங்க வேண்டாம் என்பேன். முன் சக்கரம் அரை நிமிட வேலை. பின் சக்கரம் அப்படியில்லை: சங்கிலி, எண்ணெய்க் கறை, டிஸ்க் பிரேக் என்றால் மாட்டும்போது உரசல். விடியற்காலை நான்கரை மணிக்கு, தெருவிளக்கு வெளிச்சத்தில் இதைச் செய்ய முதல் சில வாரங்கள் உற்சாகம் இருக்கும். பிறகு கார் போர்ட்டிகோவிலேயே நிற்கும். நீங்கள் பழையபடி லாரிகளுக்கு நடுவே கோரிமேடு தாண்டிக்கொண்டிருப்பீர்கள். முன் சக்கரத்தை மட்டும் கழற்றி, சைக்கிளைப் படுக்கவைத்து, டிக்கிக் கதவை இடிக்காமல் மூட முடிகிற கார்தான் உங்களுக்கான கார். முன் பயணி இருக்கையை முன்னால் தள்ளிக்கொள்ளலாம், அதில் தவறில்லை, தனியாகத்தானே போகப்போகிறீர்கள்.

பின் இருக்கை எப்படி மடிகிறது என்பதையும் இப்போதே பார்த்துவிடுங்கள். விலை குறைந்த வகைகள் பலவற்றில் அது ஒரே பலகையாக மடியும். மேல் வகைகளில் அறுபதுக்கு நாற்பது என்று பிரிந்து மடியும். பெரிய பாதியை மடித்துச் சைக்கிளை வைத்தால் மிச்சமுள்ள இடத்தில் மகளின் குழந்தை இருக்கையைப் பொருத்தலாம். மனைவி முன்னால் உட்காரலாம். சன்ரூஃபுக்குக் கொடுக்கும் பணத்தை இதற்குக் கொடுங்கள். சேலத்து வெயிலில் சன்ரூஃப் எதற்கு என்பது எனக்கு இன்றுவரை புரியாத விஷயம்.

ஏற்றும்போது சங்கிலிப் பக்கம் மேலே இருக்க வேண்டும். இல்லையென்றால் பின் கியர் மாற்றி அழுந்தி வளைந்துவிடும். டிஸ்க் பிரேக் சைக்கிள் என்றால், சக்கரத்தைக் கழற்றிய இடத்தில் பிரேக் கட்டைகளுக்கு நடுவே பிளாஸ்டிக் தகடு ஒன்றைச் சொருகுங்கள். வழியில் பிரேக் பிடி தற்செயலாக அழுந்தினால் கட்டைகள் ஒட்டிக்கொள்ளும், பிறகு அடிவாரத்தில் நின்று ஸ்க்ரூ டிரைவரால் நெம்பிக்கொண்டிருக்க வேண்டியதுதான். கீழே விரிக்க விலையுயர்ந்த விரிப்பு எதுவும் வேண்டாம். செவ்வாய்ப்பேட்டையில் பட்டறை வைத்திருக்கும் உங்களுக்குச் சணல் சாக்குக்கா பஞ்சம்? முக்கியமானது கட்டுவது. ஒன்பது, பத்து கிலோ எடையுள்ள சைக்கிள் திடீர் பிரேக்கில் முன்னால் பாயும், அதுவும் முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கின் முனை முன்னே வர. பின் இருக்கையின் சீட் பெல்ட்டைச் சைக்கிள் சட்டத்துக்குள் விட்டு மாட்டினாலே பாதி வேலை முடிந்தது. மகள் உடன் வரும் நாளில் கூடுதலாக இரண்டு வார்களால் இறுக்கிக் கட்டாமல் வண்டியைக் கிளப்பாதீர்கள்.

கூரை கேரியர் பற்றி உங்கள் நண்பர்கள் சொல்வதை நான் ஏற்கவில்லை. முதலில், நம் ஊர்ச் சிறிய கார்களின் கூரை மேல் தெரியும் கம்பிகளில் பல வெறும் அலங்காரம், பாரம் தாங்காது. கூரை எவ்வளவு எடை தாங்கும் என்பது காரோடு வரும் கையேட்டில் இருக்கும். அதில் கேரியரின் எடையும் அடக்கம். அடுத்தது உயரம். ஒன்றரை, ஒன்றேமுக்கால் மீட்டர் உயரக் காரின் மேல் ஒரு மீட்டர் சைக்கிள் நின்றால் வீட்டு போர்ட்டிகோ, அடுக்குமாடிக் கட்டடத்தின் கீழ்த்தளம், எஸ்டேட் சாலைகளில் தாழ்ந்து நிற்கும் சில்வர் ஓக் கிளை எல்லாமே ஆபத்து. சைக்கிள் மேலே இருப்பதை மறந்து வீட்டுக்குள் நுழைபவர்கள் உண்டு. பிறகு கூரையையும் சேர்த்துத் தட்டிச் சரிசெய்ய எங்கள் பணிமனைக்கு வருவார்கள். நெடுஞ்சாலையில் காற்று இரைச்சலும் எரிபொருள் செலவும் கூடும் என்பது தனி.

பின் கதவில் வார் போட்டு மாட்டும் கேரியர் விலை குறைவு, ஏற்றுவது எளிது. ஆனால் அது நம்பர் பிளேட்டையும் பின்விளக்கையும் மறைக்கும். நம்பர் பிளேட்டை மறைப்பது சட்டப்படி குற்றம். மஞ்சு இறங்கிய மலைப்பாதையில் பின்விளக்கை மறைப்பது அதைவிடப் பெரிய முட்டாள்தனம். கொக்கி மாட்டும் இடத்தில் ஸ்பாய்லர் பிளாஸ்டிக்காக இருந்தால் உடையும். அந்த ஓரிரு குடும்பப் பயணங்களுக்கு மட்டும் இப்படி ஒரு கேரியரை நண்பரிடம் வாங்கிக்கொள்ளுங்கள்; விளக்கும் எண்ணும் தெரியும்படி உயர்த்திக் கட்டுங்கள்; பத்துக் கிலோமீட்டர் போனதும் நிறுத்தி வார்களை மறுபடி இறுக்குங்கள். வாராவாரம் நடக்கும் காரியத்துக்குச் சைக்கிள் காருக்குள்ளேதான் போக வேண்டும்.

இனி நீங்கள் உண்மையில் கேட்ட கேள்விக்கு வருகிறேன்: ஓட்டச் சுவையான கார்.

சேலம் நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர். நடுவில் 20 கொண்டை ஊசி வளைவுகள். சைக்கிளில் ஒவ்வொரு வளைவையும் தொடையால் அளந்து வைத்திருக்கும் உங்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை. காருக்கு இதன் பொருள் வேறு. இந்தப் பாதையில் 40 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டும் இடங்கள் குறைவு. பூஜ்யத்திலிருந்து நூறு கிலோமீட்டர் வேகத்தை எத்தனை நொடியில் தொடும் என்று வீடியோக்களில் கத்துகிறார்களே, அந்த எண்ணுக்கு இங்கே ஒரு வேலையும் கிடையாது. வளைவில் இரண்டாவது கியரில் திரும்பி வெளியே வரும்போது வண்டி தயங்காமல் இழுக்கிறதா, ஸ்டீயரிங்கைத் திருப்பிய அளவுக்கு மூக்கு திரும்புகிறதா, அடுத்த வளைவுக்குள் உடம்பு சாய்ந்து அம்மாவுக்குக் குமட்டாமல் இருக்கிறதா, இறங்கும்போது பிரேக் மிதி கடைசி வளைவிலும் முதல் வளைவில் இருந்ததுபோலவே இருக்கிறதா, இவைதான் இங்கே சுவை. பெரும்பாலும் இவை எடை குறைந்த வண்டிக்கே வாய்க்கின்றன.

உயரம் செய்யும் வேலையும் ஒன்று உண்டு. ஏற்காட்டின் உயரத்தில் காற்று சேலத்தைவிடப் பத்தில் ஒரு பங்குக்கு மேல் மெலிந்திருக்கும். டர்போ இல்லாத எஞ்சின் தன் மூச்சில் இழுக்கும் காற்றை நம்பியே ஓடுவதால், திறனும் ஏறத்தாழ அதே அளவு குறையும். கீழே 82 பி.எஸ். தரும் ஸ்விஃப்ட் மேலே 70க்குச் சற்று மேல் தரும் வண்டியாகிவிடும். டர்போ எஞ்சின் காற்றை அழுத்தி உள்ளே தள்ளுவதால் இந்த இழப்பைப் பெருமளவு ஈடுகட்டிவிடும். எனவே 100ஆ 120ஆ என்ற உங்கள் கேள்வியை இப்படி மாற்றிக்கொள்ளுங்கள்: எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை முறை சுழலும்போது எவ்வளவு இழுவை? ஸ்விஃப்டின் 1.2 லிட்டர் எஞ்சின் தன் உச்ச இழுவையான 112 நியூட்டன் மீட்டரை 4,300 சுழற்சியில்தான் தருகிறது. கைலாக்கின் ஒரு லிட்டர் டர்போ 178 நியூட்டன் மீட்டரை 1,750 சுழற்சியிலேயே தந்துவிடுகிறது.

அப்படியென்றால் டர்போதான், முடிந்தது என்று நினைக்காதீர்கள். மூன்று சிலிண்டர் டர்போ எஞ்சின்கள் ஏறத்தாழ 1,500 சுழற்சிக்குக் கீழே விழுந்தால் உயிரில்லாமல் இருக்கும். கொண்டை ஊசி வளைவில் மெதுவான பஸ்ஸுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு, இரண்டாவது கியரில் வேகம் குறைந்துபோனால், ஆக்ஸிலரேட்டரை மிதித்தும் ஒரு கணம் ஒன்றும் நடக்காது. பிறகு திடீரென்று பாயும். பெரிய கியரில் முட்டி வலிக்க மிதித்து ஏற்றத்தில் ஏறினால் சைக்கிள் எப்படி நின்றுவிடப் பார்க்குமோ அதே கதை. மிதிக்கும் சுழற்சியை விடாமல் காப்பாற்றத் தெரிந்த உங்களுக்கு இது சீக்கிரம் பழகிவிடும். முதல் கியருக்கு இறக்கத் தயங்கக் கூடாது, அவ்வளவுதான்.

ஸ்விஃப்டின் நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். ஏறத்தாழ 920 கிலோதான் எடை. கைலாக் 1,200 கிலோ அளவில் நிற்கிறது. ஸ்விஃப்டின் திரும்பும் ஆரம் 4.8 மீட்டர். குப்பனூர் வழியாக ஏறும் குறுகிய சாலையில் இந்த இரண்டும் சேர்ந்து தரும் சுறுசுறுப்பு பெரிய வண்டிகளுக்கு வராது. தனியாகவோ இருவராகவோ போகும்போது, எஞ்சினை நன்றாகச் சுழலவிட்டு ஓட்டுபவருக்கு, இந்தப் பணத்தில் இதைவிடச் சிரிப்பு வரவழைக்கும் புதுக் கார் இல்லை. ஆனால் நான்கு பேரும் ஏ.சி.யும் சேர்ந்தால் மேல் வளைவுகளில் மூச்சு வாங்கும். டிக்கியின் உதடு உயரம். சைக்கிளைத் தூக்கி உள்ளே இறக்க வேண்டும். இருக்கை தாழ்வு, அம்மாவின் மூட்டு அதை விரும்பாது.

இறங்குவது பற்றி ஒரு வார்த்தை. ஏற்காட்டில் கோடை விழா முடிந்த வாரங்களில் எங்கள் பணிமனையில் கருகிய பிரேக் கட்டையின் வாசனை நிற்கும். எல்லாரும் மூன்றாவது, நான்காவது கியரில் பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கியவர்கள். ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும். சின்ன எஞ்சின் என்பதால் எஞ்சின் தரும் தடை குறைவாகவே இருக்கும். அதனால் இரண்டாவது கியரை விட வேண்டாம். ஒதுங்க இடமில்லாத இடத்தில் ஏறி வரும் வண்டிக்கே வழி விட வேண்டும் என்பது சாலை விதி. குப்பனூர்ச் சாலையில் இது தெரியாமல் ஹாரன் அடிப்பவர்களோடு சண்டைக்குப் போகாமல் இருப்பது உங்கள் பொறுமையைப் பொறுத்தது.

வீட்டாரின் யோசனைகளுக்கு வருவோம். தாரை மைத்துனர் தமக்கு வாங்கிக்கொள்ளட்டும். இரும்புச் சட்டத்தின் மேல் உடலைத் தூக்கி வைத்த வண்டி அது. ஆற்றுப்படுகையில் ராஜா, கொண்டை ஊசியில் ஆடி ஆடித் திரும்பும். மூன்று கதவுத் தாரில் பின் இருக்கைக்கு ஏறுவதே அம்மாவுக்கு ஒரு மலையேற்றம்.

மாமா சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. இழுவை என்று பார்த்தால் மலைக்கு டீசல் அருமை. டாடா ஆல்ட்ராஸில் 1.5 லிட்டர் டீசல் இருக்கிறது. 200 நியூட்டன் மீட்டர் இழுவை. இன்று நம் நாட்டில் டீசலில் கிடைக்கும் ஹேட்ச்பேக் அது ஒன்றுதான். கதவுகள் தொண்ணூறு பாகை திறப்பதால் அம்மா ஏறி இறங்கவும் வசதி. தடை உங்கள் ஓட்டத்தில் இருக்கிறது. பி.எஸ்.6 புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வரும் டீசல் கார்களில் புகைக்கரியைப் பிடித்துவைக்கும் வடிகட்டி உண்டு. எஞ்சின் நன்றாகச் சூடாகி, தொடர்ந்து கொஞ்ச நேரம் சீரான வேகத்தில் ஓடினால்தான் அந்தக் கரி எரிந்து வெளியேறும். அழகாபுரத்திலிருந்து செவ்வாய்ப்பேட்டைக்கும், ஞாயிறன்று அடிவாரத்துக்கும் மட்டும் போய்வரும் கார் சூடேறுவதற்குள் அணைந்துவிடும். சில மாதங்களில் எச்சரிக்கை விளக்கு எரியும், என்னைப் போன்றவர்களுக்கு வருமானம் வரும். மாதம் இருமுறை கோவைக்கோ பெங்களூருக்கோ போகிறவர் என்றால் மாமாவின் பக்கம் நின்றிருப்பேன்.

மனைவியின் ஆட்டோமேட்டிக் விருப்பத்தை ஒதுக்காதீர்கள், கார் அவருக்கும்தான். ஆட்டோமேட்டிக் என்ற ஒரே பெயரில் பல விதங்கள் விற்கின்றன என்பதை மட்டும் கவனியுங்கள். விலை மலிவான ஏ.எம்.டி., கிளட்ச் மிதிக்கும் வேலையை ஒரு மோட்டாரிடம் கொடுத்த மேனுவல் கியர்தான். சரியாக வளைவின் நடுவில் கியர் மாற்ற நினைத்து ஒரு கணம் இழுவையை விட்டுவிடும். கையால் கியர் போடும் முறைக்கு மாற்றிக்கொண்டு ஏறினால் சமாளிக்கலாம். இரட்டைக் கிளட்ச் வகை ஓட்ட அற்புதம். ஆனால் எண்ணெயில் நனையாத உலர் கிளட்ச் என்றால், விடுமுறை நாளில் மலைப்பாதையில் ஊர்ந்து ஊர்ந்து ஏறும் வரிசையில் சூடேறும். கிளட்சுக்குப் பதில் எண்ணெய் வழியாக இழுவையைக் கடத்தும் டார்க் கன்வர்ட்டர் வகை கொஞ்சம் கூடுதலாகப் பெட்ரோல் குடிக்கும், ஆனால் இந்த ஊர்ந்து ஏறும் வேலைக்கு அதுதான் உறுதி. ஃபிராங்க்ஸ் டர்போவிலும் கைலாக்கிலும் ஆறு கியர் டார்க் கன்வர்ட்டர் கிடைக்கிறது.

நீங்கள் கேட்காத மின்சாரக் காரைப் பற்றி இரண்டு வரி. உயரத்தால் திறன் இழக்காது, ஏற்றத்தில் தயங்காது, இறங்கும்போது பிரேக்கைத் தேய்க்காமல் மின்கலத்துக்குக் கொஞ்சம் திருப்பித் தரும். அடிவாரம் போய்வரும் உங்கள் ஓட்டத்துக்குப் பொருத்தமானதுதான். ஆனால் 12 லட்சத்துக்குள் கிடைப்பவற்றில் கொல்லிமலை போய்த் திரும்பும் நாளில் சார்ஜ் கணக்கு போட்டுக்கொண்டேதான் மிதிக்க வேண்டியிருக்கும். சி.என்.ஜி. வேண்டவே வேண்டாம்: இழுவையும் குறையும், சிலிண்டர் டிக்கியில் உட்கார்ந்துகொள்ளும்.

பழைய கார் வாங்கத் தயார் என்றால் ஒன்றைத் தேடிப் பாருங்கள். 2015இல் வந்த ஹோண்டா ஜாஸின் மேல் வகைகள் சிலவற்றில் பின் இருக்கையின் அடிப்பாகத்தைத் திரையரங்கு நாற்காலிபோல் மேலே மடக்கலாம். முன் சக்கரம் இல்லாத சைக்கிளைப் பக்கவாட்டிலுள்ள பின் கதவு வழியாக நிற்கவைத்தே ஏற்றிவிடலாம். சைக்கிள்காரனுக்காகவே யாரோ யோசித்து வைத்ததுபோல இருக்கும். அந்தக் கார் இங்கே 2023இல் நின்றுபோனது. எல்லா வகையிலும் இந்த இருக்கை கிடையாது என்பதால் நேரில் மடக்கிப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். எஞ்சின் அமைதியானது, வேகத்துக்குப் பிறந்ததல்ல. அதற்கு நேர்மாறு 2022இல் நின்றுபோன ஃபோக்ஸ்வாகன் போலோவின் டர்போ வகை. மலைப்பாதையில் ஓட்டினால் இறங்க மனம் வராது, ஆனால் பின் இருக்கையில் அம்மாவுக்குக் கால் நீட்ட இடம் போதாது. எதை வாங்கினாலும் பணம் கொடுக்கும் முன் ஒரு பணிமனையில் தூக்கி நிறுத்திக் கிளட்ச், பிரேக் தட்டு, முன் அச்சின் ரப்பர் உறைகளைப் பார்க்கச் சொல்லுங்கள். மலையில் ஓடிய வண்டியின் கதையை அவை மூன்றும் சொல்லிவிடும்.

பணக் கணக்கில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. நான்கு மீட்டருக்குள் நீளமும், பெட்ரோல் என்றால் 1,200 சி.சி.க்குள் எஞ்சினும் உள்ள கார்களுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. 18 சதவீதம்; அதைத் தாண்டினால் 40. தாரைத் தவிர, நான் பெயர் சொல்லும் புதுப் பெட்ரோல் கார்கள் எல்லாம் இந்த எல்லைக்குள் இருப்பவை. அதற்குமேல் தமிழ்நாட்டின் சாலை வரி: காரின் விலை 5 முதல் 10 லட்சம் வரை 13 சதவீதம், 10 லட்சத்தைத் தாண்டினால் 18. ஷோரூம் விலை 9,90,000 என்றால் சாலை வரி ஏறத்தாழ 1,29,000. 10,10,000 என்றால் ஏறத்தாழ 1,82,000. இருபதாயிரம் ரூபாய் அதிக விலைக்கு வரி மட்டும் ஐம்பதாயிரத்துக்கு மேல் கூடுகிறது. விற்பனையாளர் உங்களை "இன்னும் கொஞ்சம்தான் சார்" என்று அடுத்த வகைக்கு நகர்த்தும்போது இதை நினைவில் வையுங்கள். பத்து லட்சத்துக்குக் கீழே நில்லுங்கள். காப்பீடும் சேர்ந்து உங்கள் 12 லட்சத்துக்குள் அடங்கும்.

என் தேர்வு கைலாக்கின் நடு வகை, மேனுவல். இழுவை இருக்கிறது, ஸ்டீயரிங் வேகம் கூடக் கூட இறுகி நம்பிக்கை தருகிறது, 189 மில்லிமீட்டர் தரை இடைவெளி கல்வராயன் மலைச் சாலைகளுக்கு உதவும், அம்மா குனியாமல் ஏறலாம், பாரத் என்கேப் மோதல் சோதனையில் ஐந்து நட்சத்திரம் வாங்கிய கார். ஸ்கோடாவுக்கு மாருதி அளவுக்குச் சேவை மையங்கள் கிடையாது. சில பாகங்களுக்குக் காத்திருக்கப் பழகிக்கொள்ள வேண்டும். அது உறுத்தினால், அல்லது ஆட்டோமேட்டிக் என்பதில் மனைவி உறுதியாக இருந்தால், ஃபிராங்க்ஸ் டர்போ ஆட்டோமேட்டிக்கைப் பாருங்கள், அந்தப் பத்து லட்சக் கோட்டை மனத்தில் வைத்துக்கொண்டே. 100 பி.எஸ்., ஏறத்தாழ 148 நியூட்டன் மீட்டர், எடையும் கைலாக்கைவிடக் குறைவு. ஆனால் பின்பக்கக் கூரை சரிந்து இறங்குவதால் மவுண்டன் பைக்கின் ஹேண்டில்பார் இடிக்கிறதா என்று பார்த்துத்தான் சொல்ல வேண்டும். ஐ20இன் 'என் லைன்' (N Line) வகை இவை எல்லாவற்றையும்விட ஓட்ட விறுவிறுப்பானது. சஸ்பென்ஷன் இறுக்கம், அதை அம்மாவின் முதுகு உங்களுக்கு நினைவுபடுத்திக்கொண்டே இருக்கும். நீங்கள் தனி ஆளாக இருந்து, ரோடு பைக் மட்டும் வைத்திருந்தால், ஸ்விஃப்டோடு கடிதத்தை முடித்திருப்பேன்.

பார்க்கப் போகும்போது மவுண்டன் பைக்கை ஒரு சின்னச் சரக்கு வண்டியில் ஏற்றி ஷோரூமுக்கே கொண்டுபோங்கள். சாக்கும் கொண்டுபோங்கள், புதுக் காரில் கறை பட்டால் அவர்கள் கோபித்துக்கொள்வது நியாயம்தானே. அம்மாவை முன்னிலும் பின்னிலும் உட்காரவைத்துப் பாருங்கள். நகருக்குள் ஐந்து ரோடு சந்திப்பைச் சுற்றி வரும் ஓட்டத்தை டெஸ்ட் டிரைவ் என்று ஏற்காதீர்கள். சமதளத்தில் எல்லாக் காரும் நல்ல கார்தான். முன்கூட்டியே சொல்லிவைத்து, கூட்டமில்லாத வார நாள் காலையில் முதல் சில வளைவுகள் வரை ஏறி இறங்க அனுமதி கேளுங்கள். ஏறும்போது நீங்கள் ஓட்டுங்கள், இறங்கும்போது மனைவி ஓட்டட்டும். முடியாது என்று சொல்லும் ஷோரூமில் முன்பணம் கட்ட வேண்டாம்; அதே கம்பெனிக்கு நாமக்கல்லிலோ ஈரோட்டிலோ இன்னொரு விற்பனையாளர் இருக்கிறாரா என்று கேட்டுப் பாருங்கள்.